வாசலில் சொன்னதும் கொல்லையில் கண்டதும்

ஐம்பது கிலோ கேஸ் சிலிண்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவதுபோல, இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சந்தில் இகுயோ உருட்டிக்கொண்டு போகிறாள். சந்து ஓர் ஆள் அகலம். அவளும் சிலிண்டரும் சேர்ந்தால் ஒன்றரை ஆள். இருந்தும் இருபத்தாறு வருடத்தில் எந்த வீட்டுச் சுவரிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. "கேஸ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள், பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். காலியானதைக் கழற்றுவாள், புதியதை மாட்டுவாள், சங்கிலியால் சுவரோடு கட்டுவாள். இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பாள். குனிந்து மீட்டரைப் படித்துக் குறித்துக்கொள்வாள். இவ்வளவும் முடிந்த பிறகு உடனே கிளம்பிவிட மாட்டாள். அந்த வீட்டுக் கொல்லையை ஒரு சுற்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

சிகாமோரி இகுயோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. முன்முடியைத் தானே வெட்டிக்கொள்வதால் அது ஒரு மாதம் இடது பக்கம் சாய்ந்திருக்கும், மறு மாதம் வலது பக்கம். கணவர் பக்கத்து ஊர் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிறார். அவருக்கு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை போதும். மிச்சத்தை எல்லாம் இவள் பேசித் தீர்த்துவிடுகிறாள்.

தோசாக் கடற்கரையில் இருக்கும் கமேனோசு என்ற ஊரில் நாற்பத்தொரு வீடு. முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் ஒரே தெரு. இந்த ஊரில் வாசல் என்பது ஊராருக்காக வைத்திருக்கும் இடம். பூந்தொட்டிகள் அளந்து வைத்ததுபோல வரிசையாக நிற்கும், பெருக்கிய துடைப்பத்தின் கோடுகூடக் கலையாமல் இருக்கும். கொல்லைக்கு யாரும் வருவதில்லை, கேஸ்காரி ஒருத்தியைத் தவிர. ஆகவே குடியை அடியோடு விட்டுவிட்டேன் என்று வாசலில் சொன்னவரின் காலி பாட்டில்களை அவள் கொல்லையில் பார்த்திருக்கிறாள். மூன்று வேளையும் என் கையாலேதான் சமைக்கிறேன் என்று சொன்ன அம்மாளின் மீட்டர் மாதத்துக்கு இரண்டு எண்கூட நகரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பார்த்ததை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளோடு பத்து நிமிடம் நின்று பேசியவர்களுக்குத்தான் விளங்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தில் பேரிடர்ப் பொறுப்புக்கு ஓர் ஆள் தேடினார்கள். யாரும் கை தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இகுயோ கழிப்பறைக்குப் போயிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "யாருக்காவது குழந்தை பிறந்திருக்கான்னு நெனச்சேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் பொறுப்பு என்று ஒன்று தலையில் ஏறிவிட்டால் அவளுக்கு இறக்கி வைக்கத் தெரியாது. பூமி ஆடி, கம்பத்து ஒலிபெருக்கி அலறினால், இருபது நிமிடத்தில் கடல் ஊருக்குள் வரும். அந்த இருபது நிமிடத்துக்குள் நாற்பத்தொரு வீட்டாரும் மலைக்கோயில் முற்றத்தில் இருக்க வேண்டும். ஒன்பது வருடமாக அவளுக்கு இருக்கும் ஒரே கவலை இதுதான்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். 'எச்சரிக்கை ஒலித்தால் என்ன செய்வீர்கள்?' என்பது கேள்வி. ஒன்று, உடனே ஓடுவேன். இரண்டு, மற்றவர்கள் போவதைப் பார்த்துவிட்டுப் போவேன். மூன்று, அலுவலகம் மறுபடி சொன்ன பிறகு போவேன். நான்கு, போகமாட்டேன். வீடு வீடாகப் போய் இதை நிரப்பி வாங்க வேண்டியது இகுயோ. போன வருடம் முப்பத்தேழு வீடுகள் ஒன்றுக்கு வட்டம் போட்டன. அலுவலகத்துப் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. "தொண்ணூறு சதவீதம் வருதும்மா! இந்த வட்டாரத்துலயே நீங்கதான் முதல்" என்றான்.

"தாள்ல எல்லாரும் முதல்தான் தம்பி" என்றாள் இகுயோ.

அவளுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. மீட்டர் நோட்டின் ஓரத்தில், வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில், தான் நம்புகிறவர்களுக்கு மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். முப்பத்தேழு பேரில் புள்ளி கிடைத்தது பதினாலு பேருக்கு.

உதாரணத்துக்கு ஒகபாயாஷி தம்பதி. வாசலில் கேட்டபோது கணவரும் மனைவியும் ஒரே குரலில் "ஒண்ணு!" என்றார்கள். "பையெல்லாம் தயாரா மாட்டி வச்சிருக்கோம் இகுயோ சான். எடுக்க வேண்டியது, ஓட வேண்டியதுதான்" என்றார் கணவர். பை மாட்டியிருந்தது உண்மைதான். கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், அலுவலகம் கொடுத்த அதே வெள்ளிநிறப் பை. அவசரத்துக்கான தண்ணீரும் ரொட்டியும் மருந்தும் இருக்க வேண்டிய அந்தப் பையில் கழுத்துவரை வெங்காயம் இருந்தது. காற்றோட்டத்துக்காக ஜிப்பைப் பாதி திறந்துவேறு விட்டிருந்தார்கள். புள்ளி இல்லை.

முன்னாள் தலைமையாசிரியர் நிஷிமோரி ஊர்ச்சங்கத் தலைவர். அவர் ஒன்றுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்திருந்தார். "முதலில் ஓடுகிறவன் கோழை அல்ல. அவன் ஒருவன் ஓடினால் நூறு பேர் பிழைப்பார்கள்" என்று வருடாவருடம் ஒத்திகையில் பேசுவார். ஒரு சொல் மாறாது. அவர் கொல்லையும் அவர் பேச்சைப் போலவே இருந்தது. தலைக்கவசம், வானொலி, கயிறு எல்லாம் தேதி எழுதி ஒட்டப்பட்டு, தூசி இல்லாமல் இருந்தன. அவருக்கு இகுயோ தயங்காமல் புள்ளி வைத்தாள்.

எழுபத்துமூன்று வயது ஷிகேனோ இரண்டுக்கு வட்டம் போட்டாள். "எனக்கு முட்டி போயிடுச்சு. முன்னாடி போய் எல்லாருக்கும் வழிய அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது பாரு. எல்லாரும் போகட்டும், நான் பின்னாலயே மெதுவா வர்றேன்" என்றாள். அவள் கொல்லையில் இரண்டு பீர்ப் பெட்டிகள் கவிழ்த்துப் போட்டிருந்தன. ஒரு நாள் இகுயோ சந்தில் நுழையும்போது ஷிகேனோ அந்தப் பெட்டிகள்மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. எண்பத்தொன்பது, தொண்ணூறு. கோயிலுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. இகுயோ சத்தமில்லாமல் பின்வாங்கி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வந்து, வழக்கத்தைவிட உரக்க "கேஸ்!" என்றாள். இவள் ஒருத்திக்குத்தான் இரண்டு போட்டும் புள்ளி கிடைத்தது.

நாலுக்கு வட்டம் போட்டவர் ஊரிலேயே ஒருத்தர். குபோ டகேஜிரோ, வயது எண்பத்தொன்று. தெருவின் கடைசி வீடு, மலை தொடங்கும் இடம். இந்தப் பக்கத்தில், சொன்னதிலிருந்து இம்மியும் அசையாத ஆம்பிளைக்கு 'இகோஸ்ஸோ' என்று பெயர். திட்டாக ஆரம்பித்துப் பெருமையாக முடியும் சொல் அது. டகேஜிரோ அதில் முற்றிய ரகம். பேசும்போது ஒரு தடவை பச்சை வெங்காயம் பிடிக்காது என்று சொல்லிவிட்டார் என்பதற்காக நாற்பது வருடமாக அதைத் தொடாமல் இருக்கிறார். பிடிக்கும் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"டகேஜிரோ சான், இந்தத் தடவையாவது ஒண்ணு போடுங்களேன்."

"நாலு."

"கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுங்களேன்."

"யோசிச்சுத்தான் நாலு. இதுக்கு மேல அஞ்சு, ஆறு ஏதாச்சும் இருந்தா கொண்டா."

"நெஜமாவே வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"அறுபது வருஷம் நான் கடலைத் தேடிப் போனவன். ஒரு நாள் அது என்னைப் பாக்க வருதுன்னா வாசலைப் பூட்டிட்டு ஓடுறதா? மட்டு மரியாதை வேணாம்?"

"அப்புறம் உங்களை நான்தான் தேடித் தூக்கணும். சிலிண்டரைவிடக் கனமா இருப்பீங்க."

"தூக்காத. எவ தூக்கச் சொன்னா?"

ஒத்திகை நாளில் ஊரே வரிசையாகக் கோயில் படி ஏறும்போது, இவர் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, பகல் பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் சாக்கே என்னும் அரிசி மது வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களுக்கு விசிறியால் வீசி விடை கொடுப்பார். அவர் கொல்லையில் இகுயோவுக்குப் பார்க்க ஒன்றுமே இருந்ததில்லை. ஒரு தூண்டில் கம்பு, ஒரு அரிவாள், ஒரு வாளி. கொல்லையை ஒட்டி மலையில் ஒரு பழைய ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. ஒரு காலத்தில் கோயிலுக்கு அதுதான் குறுக்குவழி; இப்போது யாரும் போவதில்லை. ஒவ்வொரு மாதமும் அந்தப் பாதையில் புல் வெட்டியிருக்கும். கேட்டதற்கு, "பாம்பு வருது" என்றார். இகுயோவும் சரி பாம்புதான் என்று விட்டுவிட்டாள். புள்ளி இல்லை.

இகுயோவின் வீட்டுக்கும் ஒரு தாள் உண்டு. அதைக் கேஸ் வண்டியில் உட்கார்ந்தபடியே, ஸ்டியரிங்மேல் வைத்து, ஒன்று என்று வட்டம் போட்டுக் கட்டோடு சேர்த்துவிடுவாள். தன் பேருக்கு நேரே புள்ளி வைப்பதா வேண்டாமா என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பத்து மணி தாண்டி கொஞ்ச நேரம். இகுயோ தெருவின் நடுவீட்டுக் கொல்லையில் குனிந்து மீட்டர் படித்துக்கொண்டிருந்தாள். எண் ஆடியது. தனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தாள். அடுத்த நொடி தரை பக்கவாட்டில் இழுபட்டது. சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதி மணி அடித்தன. கூரை ஓடு ஒன்று அவள் காலடியில் விழுந்து நொறுங்கியது. ஒரு நிமிடத்துக்குமேல் ஆடியது. நின்றவுடன், ஒத்திகையில் கேட்டே பழகிய அந்தக் குரல் கம்பத்திலிருந்து வந்தது. பேரலை எச்சரிக்கை. மூன்று மீட்டர். முதல் அலை இருபது நிமிடத்தில்.

அந்த நேரத்தில் அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தெருவுக்கு ஓடி, "வாங்க வாங்க வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் மலைக்கு ஓட வேண்டும். ஒன்பது வருடமாக மற்றவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது இதுதான். "கேஸைத் தொடாதீங்க. பூமி ஆடினா மீட்டர் தானா மூடிக்கும். அடுப்பு, கதவு, சாமி, பணம் எதையும் பாக்காம ஓடுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னவள் அவள்.

அவள் கை அந்தச் சிலிண்டரின் வால்வைத் திருகி மூடிக்கொண்டிருந்தது.

மூடினாள். பக்கத்திலிருந்ததையும் மூடினாள். வெள்ளத்தில் சங்கிலி அறுந்து சிலிண்டர் மிதந்தால், கேஸைச் சீறிக்கொண்டு போய் எங்காவது மோதும், தீப்பிடிக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் எண்ணிப் பார்த்து மூடினாள் என்று சொல்ல முடியாது. ஒரு வால்வு மூடியது, அடுத்த வீட்டு வால்வு திறந்திருக்கிறது, அவ்வளவுதான் அவள் தலைக்குள் இருந்தது. வேலி தாண்டி அடுத்த கொல்லைக்குப் போனாள். அங்கிருந்து அடுத்தது. அன்றைக்கு மலைப்பக்கத்தில் வேலையைத் தொடங்கியிருந்ததால், மிச்சமிருந்த வீடுகள் எல்லாம் கடல் பக்கம் இருந்தன. அவள் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கொல்லையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே தெரு ஒரு கீற்றாகத் தெரிந்தது. அந்தக் கீற்றில் கண்டதை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். ஊரே வாசலில் நின்றிருந்தது. தலைக்கவசம் போட்டு, பை மாட்டி, ஒவ்வொருவரும் தத்தம் வாசலில் நின்று அடுத்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பலமாத்தான் ஆடுச்சு, இல்ல?" "ஆமா, பலமாத்தான்." ஒருவர் காலும் அசையவில்லை. ஒன்றும் வராமல் போனால், ஓடினவனை அல்லவா ஊர் காலத்துக்கும் சொல்லிச் சிரிக்கும்? தலைமையாசிரியர் நிஷிமோரி தாடைப்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பத்தையும் மனிதர்களையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். ஒலிபெருக்கி வாய்க்குப் போகவே இல்லை. முதலில் ஓட வேண்டும் என்று சொன்னவர் முதலாவது ஆளுக்காகக் காத்திருந்தார்.

அப்போது ஷிகேனோ தன் வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்து இடுப்பை வளைத்து வணங்கினாள். "எனக்குக் கால் மெதுவு. மன்னிச்சுக்கணும், உங்களுக்கெல்லாம் முன்னாடி போறேன்" என்றாள்.

தினமும் கடையிலும் பொதுக் குளியல்கூடத்திலும் கூட்டத்திலும் முதலில் எழுந்து போகிறவர்கள் சொல்லும் சாதாரண வார்த்தை அது. அதற்கு எல்லார் உடம்பும் தானாகப் பதில் வணக்கம் வைத்தது. வணங்கி நிமிர்ந்த உடம்புகள் நடக்க ஆரம்பித்துவிட்டன. மற்றவர்கள் போன பிறகு போவேன் என்று தாளில் எழுதிக்கொடுத்த முட்டிவலிக்காரி முன்னால் போக, உடனே ஓடுவேன் என்று எழுதிக்கொடுத்த முப்பத்தேழு வீடு அவள் பின்னால் போனது. இகுயோவுக்கு ஓ என்று அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. நாலாவது கொல்லைக்குப் போய் வால்வை மூடினாள்.

டகேஜிரோ தன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊர் தன்னைக் கடந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே எண்ணியிருக்கிறார். அறுபது வருடம் படகில் ஆள் எண்ணிய மனிதர். எண்ணாமல் அவருக்கு இருக்க முடியாது. கடைசியாக ஒகபாயாஷி தம்பதி போனார்கள். ஒரு ஆள் குறைந்தது. தெருவின் நடுவில் கேஸ் வண்டி கதவு திறந்தபடி நின்றிருந்தது. அவர் எழுந்தார். மலைக்குப் போகமாட்டேன் என்று சொன்னவர் கடலை நோக்கி இறங்கி வந்தார்.

ஒன்பதாவது கொல்லையில் அவளைக் கண்டுபிடித்தார்.

"ஏய், கேஸ்காரி! காது செவிடாயிடுச்சா? ஏறு மேல!"

"இன்னும் நாலே வீடு பெரியவரே. மூடிட்டு வந்துடறேன்."

"ஒம்பது வருஷமா என் வாசல்ல வந்து என்ன சொன்ன? போட்டது போட்டபடி ஓடுன்னு சொன்னியா, இல்லியா?"

"அது உங்களுக்குச் சொன்னது!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. வால்வில் இருந்த கை அப்படியே நின்றது. டகேஜிரோ அவள் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து ஒரு கையால் கொத்தாகப் பிடித்து, வலையை இழுப்பதுபோல ஓர் இழு இழுத்தார். எண்பத்தொரு வயதுக் கையா அது என்று இருந்தது. தினமும் சிலிண்டர் உருட்டுகிற பொம்பளை இரண்டடி தள்ளாடினாள்.

"விடுங்க, நானே நடக்கறேன்."

"நட. அப்புறம் விடறேன்."

தெருவில் ஈ காக்கை இல்லை. எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. படி வழியாகப் போனால் சுற்று. டகேஜிரோ அவளைத் தன் கொல்லை வழியாகத் தள்ளி அந்த ஒற்றையடிப் பாதையில் ஏற்றினார். பாதையில் ஒரு புல் இல்லை. சரிவான இடங்களில் கால் வைக்க மண்ணை வெட்டிப் படி எடுத்திருந்தது. வழுக்குகிற இரண்டு இடத்தில் பழைய படகுக் கயிறு மரத்துக்கு மரம் கட்டியிருந்தது. கயிற்றின் முடிச்சுகள் புதியவை. போன மாதம் போட்டிருக்கலாம். பாம்புக்கு யாரும் கைப்பிடிக் கயிறு கட்டுவதில்லை.

மூச்சு இரைக்க ஏறிக்கொண்டே இகுயோ மலைத்துப் போனாள். நாற்பத்தொரு வீட்டுக் கொல்லையையும் பார்த்து, இன்னார் இன்னது செய்வார் என்று புள்ளி வைத்தவள் அவள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வமும் உண்டு. இதோ இந்த மனிதர் மாதாமாதம் அவள் கண் முன்னாலேயே வழி வெட்டி வைத்திருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு மீட்டர் இருக்கிறது, குனிந்தால் எண் தெரிகிறது. மனிதனுக்கு அது எங்கே இருக்கிறது? தனக்கு எங்கே இருக்கிறது? ஒன்று என்று ஸ்டியரிங்மேல் வைத்து வட்டம் போட்ட அந்தப் பெண் யார் என்றே அவளுக்கு இப்போது தெரியவில்லை. பயமாக இருந்தது. அதைவிட, இப்படி எல்லாமா மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

அவர்கள் முற்றத்தில் ஏறி நின்று ஐந்து நிமிடத்தில் கடல் உள்வாங்கியது. துறைமுகத்தின் அடிமண் தெரிந்தது. பிறகு அலை வந்தது. சுவராகவோ மலையாகவோ வரவில்லை. பாத்திரத்தில் பால் ஏறுவதுபோல ஏறியது. படகுத்துறையை மூடி, நாலு மீன் பெட்டிகளைத் தூக்கி, முதல் வரிசை வீடுகளின் பூந்தொட்டிகளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, நின்று, திரும்பிப் போனது. ஊருக்குச் சேதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வானொலி இரண்டாவது அலை பெரிதாக இருக்கலாம், யாரும் இறங்க வேண்டாம் என்றது.

இருந்த பதற்றம் கொஞ்சம் தளர்ந்ததும் ஒகபாயாஷி குழந்தைகளுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று தன் வெள்ளிநிறப் பையைத் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டு, மெதுவாக மூடினார். மனைவி, "ஏங்க, என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல, அப்புறம் சாப்பிட்டுக்கலாம்" என்றார். ஒரு வெங்காயம் நழுவி முற்றத்தில் உருண்டு ஓடியது. முதலில் ஷிகேனோதான் சிரித்தாள். பிறகு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிலர் சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். நிஷிமோரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஷிகேனோவின் முன்னால் போய் நின்று, தலைக்கவசத்தைக் கழற்றி, நெற்றி முட்டியில் படும்படி வணங்கினார். "என்ன சார் இது, நிமிருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் பதறிப்போனாள்.

பிறகு அவர் பெயர்ப் பட்டியலை எடுத்தார். வீடு வீடாகப் படித்தார். ஆட்கள் "இருக்கோம்" என்றார்கள். சிகாமோரி என்றபோது இகுயோ, "இருக்கேன். அவர் ஏலக்கூடத்து மாடியில இருக்காராம், போன் வந்துச்சு" என்றாள். நிஷிமோரி கடைசிப் பெயருக்கு வந்தார்.

"குபோ டகேஜிரோ."

டகேஜிரோ இகுயோவுக்குப் பின்னால், கோயில் படியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ரப்பர் பூட்ஸ். முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் தெரிந்தார்.

"வரலை" என்றார் டகேஜிரோ.

நிஷிமோரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய மனிதர்; பொய்யாக ஒரு கோடு இழுத்தவர் இல்லை. பேனா கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது.

"குபோ டகேஜிரோ, வரவில்லை" என்று உரக்கப் படித்து, அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் கடல் பக்கம் திரும்பி, இரண்டாவது அலை வருகிறதா என்று மிகவும் அக்கறையாகப் பார்த்தார்கள். இகுயோவும் கடலைத்தான் பார்த்தாள். பின்னால் அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அந்தக் கை எட்டுவதற்கு வாகாக, அவள் சத்தமில்லாமல் அரையடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.